குதிரையின் மணி

போடியிலிருந்து மலைக்குப் போகும் குரங்கணிச் சாலையில் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும். அவர்களிடம் முதலில் ஒன்று கேட்க வேண்டும். சாயங்காலம் நாலரை மணிக்கு, பாலத்துத் திருப்பத்தில் எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே ஒரு மணிச் சத்தம் வருமே, நினைவிருக்கிறதா? மாட்டு மணியைப் போல அது படபடக்காது. ஒரு அடி, ஒரு சத்தம். கேட்டதும் உங்கள் வீடுகளில் அடுப்புப் பற்றவைப்பார்கள் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அது எங்கள் வீட்டுக் குதிரையின் கழுத்தில் கிடந்த வெண்கல மணி. நான் எழுதப்போவது அந்த மணியைப் பற்றி. எழுபதுகளின் கடைசியில், நாம் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, ஆடியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்த நான்கு மாதக் கதை.

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்காமல் எழுதுவது என் வழக்கம். இதில் நான் காணாத இடங்கள் சில உண்டு. அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு குதிரையும் நான்கு கோவேறு கழுதைகளும் இருந்தன. அப்பா விடியற்காலையில் அரிசி, உப்பு, மண்ணெண்ணெய் ஏற்றிக்கொண்டு குரங்கணிக்கு மேலே இருந்த எஸ்டேட்டுக்குப் போவார். மறுநாள் ஏலக்காய் மூட்டையோடு இறங்குவார். எந்த மிருகத்தையும் அவர் கயிறு பிடித்து இழுத்ததில்லை. சாம்பல் நிறப் பெண் குதிரை முன்னால் போகும். நான்கும் அதன் மணியைக் கேட்டுக்கொண்டு பின்னால் போகும். மணி கேட்டால் நடக்க வேண்டும், மணி நின்றால் தூக்கிய காலை அங்கேயே வைத்து நிற்க வேண்டும். அவற்றுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். மலையில் மூடுபனி இறங்கினால் முன்னால் போவதன் வால்கூடத் தெரியாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்த இடத்தில் மணிதான் பாதை.

வரிசையில் கடைசியாக வருவதைக் கடைக்குட்டி என்று கூப்பிடுவோம். வயதில் அது கடைசி இல்லை. இடது காதின் நுனி கிழிந்திருக்கும். முன்னால் நிற்பதை மூக்கால் தொட்டும் தொடாமலும் நிற்பது அதன் பழக்கம். வீட்டுக்கு வந்து, பொதி இறக்கி, கல்தொட்டியில் தண்ணீர் குடிக்கும்போதும் அப்படியே என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். திரும்பினால் மூக்கு என் சட்டையில் படும். வெந்த கொள்ளு, நனைந்த சாக்கு, வியர்வை, அதற்கு மேல் ஏலக்காய்: நான்கு வாசமும் அதன் மேல் இருக்கும். என் ஓவிய நோட்டின் அட்டையை அது தின்றதற்கு டீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறேன். "கழுதை தின்னுச்சு டீச்சர்" என்று நான் சொன்னது உண்மை என்று நம்மில் ஒருவரும் சாட்சி சொல்லவில்லை. இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆடிக் காற்றில் குதிரை படுத்தது. வயிறு உப்பி, இரண்டு நாள் கிடந்து செத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் புதைத்தார்கள். புதைக்குமுன் அப்பா மணியை அவிழ்த்துக் கழுவி, வீட்டுக்குள் ஆணியில் மாட்டினார்.

மணி இல்லாமல் நான்கும் மலை ஏற மறுத்தன. ஒன்று போனால் ஒன்று நின்றது. மூன்றாம் நாள் அப்பா ஆணியிலிருந்து மணியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான்கும் ஒழுங்காகப் பின்னால் போயின. மலைமேல் அவர் எப்படிப் போனார் என்று நான் பார்த்ததில்லை. எங்கள் வாசலிலிருந்து பாலம் வரை பார்த்தேன். வலது கையை மார்புக்கு நேராக மடக்கி, அடிக்கு ஒரு தடவை அசைத்து, குதிரை நடக்கும் அதே கணக்கில் போனார்.

ஊர் சும்மா இருக்குமா? "பூசாரி வர்றாரு, வழிய விடுங்கப்பா" என்றார்கள் டீக்கடையில். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒரு படி மேலே போனார்.

"என்ன மச்சான், குதிரை செத்து ஒரு மாசங்கூட ஆகல, அந்த வேலைக்கு நீங்களே சேந்துட்டீகளா?"

"ஆமா மாப்ளே. சம்பளம் கொள்ளுதான். உனக்கும் வேணும்னா சொல்லு, பின்னாடி ஒரு எடம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் அடுத்த நாளிலிருந்து, டீக்கடையைத் தாண்டும் வரை மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு போனார். மணி நின்றதும் நான்கும் கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டன. அன்றைக்குச் சிரிப்பு இன்னும் அதிகமாயிற்று.

மாமா கெட்டவர் இல்லை. அவருக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். எதிலும் வெரசாகப் போக வேண்டும் அவருக்கு. குரங்கணிக்கு மேலே பாதையை அகலப்படுத்தி எஸ்டேட் வரைக்கும் ஜீப்பு போகும்படி வெட்டியிருந்தார்கள். ஆவணியில் மாமா ஒரு பழைய ஜீப்பு வாங்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினார். பச்சை நிறம், ஒரு கதவு நீலம். அதன் சத்தத்தில் நான்கும் கயிற்றை இழுத்துக்கொண்டு பின்வாங்கின. கடைக்குட்டி மட்டும் கழுத்தை நீட்டிப் பின்பக்கப் பலகையை மோந்து பார்த்தது.

ஒரே வாரத்தில் எஸ்டேட் மேஸ்திரி அதே ஜீப்பில் இறங்கி வந்தார். பாதி மலையாளம் பேசுவார்.

"அண்ணே, இனி கழுதை வேண்டா கேட்டோ. ஜீப்பு மதி, போதும். ஒரு லோடுல வேலை தீர்ந்துபோகும்."

அப்பா அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

புரட்டாசித் தொடக்கத்தில் நான்கையும் செங்கல் காளவாசல்காரர் வாங்கிக்கொண்டார். அவருடைய சூளை அதே குரங்கணிச் சாலையில், மலை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், சாலையை ஒட்டியே இருந்தது. விற்ற மாட்டோடு கயிறும் மணியும் கொடுக்கிற வழக்கம் நம் பக்கம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும். பழையது வீட்டிலேயே தங்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடும். காளவாசல்காரர் புதுக்கயிறு போட்டார். "மணியையும் குடுத்தீகன்னா ஓட்டிட்டுப் போக லேசா இருக்கும்" என்றார்.

"அதெப்படிண்ணே குடுக்கறது" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

ஆகவே அப்பாவே மணியைப் பிடித்துக்கொண்டு சூளை வரைக்கும் முன்னால் நடந்து, நான்கையும் அங்கே விட்டுவிட்டு, மணியோடு தனியாகத் திரும்பி வந்தார். பாலத்துத் திருப்பத்தில் மணி கேட்கும் என்று வாசலில் நின்றேன். கேட்கவில்லை. துண்டில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து அப்பா ஜீப்பில் மூட்டை ஏற்றி இறக்கும் ஆளாக மாமாவுடன் போனார். அந்த மலைப்பாதையில் சில வளைவுகளில் ஜீப்பு ஒரே மூச்சில் திரும்பாது. நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் போக வேண்டும். அப்போது அப்பா இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, "வா, வா, போதும்" என்று குரல் கொடுக்க வேண்டும். இருபது வருடம் அவர் முன்னால் நடந்த மலையில் இப்போது அவருடைய வேலை பின்னால் நிற்பது.

ஆயுத பூஜை வந்தது. ஜீப்பைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். மாமா ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு கொறையுதே" என்றார். நான் உள்ளே ஓடி ஆணியிலிருந்து மணியை எடுத்து வந்தேன்.

"மாமா, இதக் கட்டுவோம்."

"அடி ஆத்தா! இந்த யோசனை ஒருத்தருக்கும் வரலையே" என்று மாமா என் தலையைத் தட்டினார். முன்பக்க இரும்புச் சட்டத்தில் கம்பி போட்டுக் கட்டினார். அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். அப்பா சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணியைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அறிந்தவர் அவர். மூன்று மாதத்துக்கு முன்னால் குதிரை இல்லாமல் மணியை மட்டும் கையில் பிடித்து நான்கையும் மலை ஏற்றியவர். அவருக்கு அன்றைக்கு எதுவும் தோன்றவில்லையா, தோன்றியும் மச்சினன் வண்டியில் தான் என்ன சொல்வது என்று இருந்தாரா, தெரியவில்லை.

அடுத்த நாளே தெரிந்துவிட்டது. ஜீப்பு சூளையைத் தாண்டும்போது செங்கல் சுமந்துகொண்டிருந்த நான்கும் திரும்பி ஜீப்பின் பின்னால் வரிசையாக நடக்க ஆரம்பித்தன. வேலையாட்கள் கத்திக்கொண்டு ஓடி மூன்றைப் பிடித்தார்கள். கடைக்குட்டி செங்கல்லைச் சாலையெல்லாம் உதிர்த்துக்கொண்டு வெகுதூரம் வந்ததாம். அன்று மாலை மாமா அதை நடித்துக் காட்டினார். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

காளவாசல்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "யப்பா, தெனம் இதே சோலியாப் போச்சு. அந்த மணிய அவுத்து வைங்கப்பா."

"பூசை போட்டுக் கட்டினதுண்ணே. அடுத்த ஆயுத பூசைக்கு முன்னாடி அவுத்தா வண்டிக்கு ஆகாது. நீங்க கயித்த நல்லாக் கட்டுங்க" என்றார் மாமா.

அப்பா மெதுவாக, "நாக்குல துணியச் சுத்திட்டா என்ன மாப்ளே?" என்று கேட்டார்.

"பேசாத மணியக் கட்டிக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு மச்சான் கட்டணும்?"

அதோடு பேச்சு முடிந்தது. காளவாசல்காரர் கடைக்குட்டியின் முன்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிறு போட்டார். பள்ளி விட்டதும் நான் போய்ப் பார்த்தேன். கயிறு உரசிய இடத்தில் மயிர் போய்ச் சிவந்திருந்தது. வேப்பெண்ணெய் கேட்டுப் போட்டுவிட்டேன். அது என் சட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சூளையில் வேலை நின்றது. நான்கும் தென்னங்கீற்றுக் கொட்டகையில் கட்டிக் கிடந்தன. வேலை இல்லாததால் கால்கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், கழுத்துக்கயிறு மட்டும். தீபாவளி விடுமுறையில் மாமா என்னை எஸ்டேட் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். கழுதைகள் மலை ஏறிய காலத்தில் எத்தனையோ தடவை கேட்டும் அப்பா என்னைக் கூட்டிப்போனதில்லை. "பொம்பளப்புள்ள அவ்வளவு தூரம் நடக்க முடியுமா" என்பார். ஜீப்பு வந்ததால்தான் அந்த மலையை நான் பார்த்தேன். இதையும் எழுதாமல் விடுவது நியாயமாகாது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். மாமா ஓட்டினார். நான் நடுவில், அப்பா ஓரத்தில். பின்னால் அரிசி மூட்டை, மேலே தார்ப்பாய். தூறிக்கொண்டிருந்தது. சூளையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினோம். லோடு, மழை, சேறு. வண்டி முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போனது. கொஞ்ச தூரத்தில் ஓர் ஓடை பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அன்றைக்கு அதில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், செம்மண் கலங்கல். ஜீப்பு தத்தளித்து ஏறியது. நான் பயந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஓடையைத் தாண்டிய பிறகு, பயம் தெளிந்து, பின்னால் பார்க்கத் தோன்றியது. மூட்டைகளுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அதில் கிழிந்த காது தெரிந்தது. கடைக்குட்டி வந்துகொண்டிருந்தது. கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது. வயிறு வரை நனைந்து, தலையை ஆட்டி ஆட்டி, மணிக்கு ஓர் அடி வைத்து வந்தது.

நான் சொல்லவில்லை. சொன்னால் வண்டி நிற்கும். மாமா அதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்டச் சொல்வார். மறுபடி காலில் கயிறு விழும். எஸ்டேட் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம், அதுவரை அது எங்களோடு வரட்டும் என்று இருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷம் இப்போதும் துல்லியமாக நினைவிருக்கிறது.

மேலே போகப் போக மூடுபனி. முதல் வளைவில் ஜீப்பு நின்றது. அப்பா இறங்கப் போனார்.

"எறங்க வேணாம் மச்சான், நனைஞ்சுருவீக. தெனம் ஒடிக்கிற வளைவுதான, எனக்குத் தெரியாதா?"

மாமா அன்பாகத்தான் சொன்னார். அப்பா உட்கார்ந்துகொண்டு, தார்ப்பாயின் முனையை என் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்தார். நான் திரும்பிப் பார்த்தேன். இடைவெளியில் வெள்ளையாகப் பனி மட்டும்தான் இருந்தது. பின்தங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வண்டி நின்றது, மணியும் நின்றது. மணி நின்றால் கடைக்குட்டி நிற்கும். முன்னால் இருப்பதை மூக்கால் தொட்டும் தொடாமலும் நிற்கும்.

மாமா பின்னால் எடுத்தார். மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம். "கல்லு" என்றார் மாமா. பிறகு பள்ளத்தில் மண் சரியும் சத்தம், செடிகள் முறியும் சத்தம். அப்பா அதற்குள் இறங்கிவிட்டார்.

பின்னால் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். வண்டியின் முன்பக்கம் வந்து, கம்பியைக் கையாலேயே முறுக்கி அறுத்து மணியை எடுத்தார். விரலில் ரத்தம் வந்தது. மணியோடு செடிகளைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் இறங்கினார். முறிந்த ஏலச்செடியின் பச்சை வாசம் மேலே வந்தது.

கீழே நடந்ததை நான் பார்க்கவில்லை. கேட்டதை மட்டும் எழுதுகிறேன். முதலில் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது. கல் உருண்டது. பிறகு மணி கேட்டது. அடிக்கு ஒன்று, அடிக்கு ஒன்று, குதிரை நடக்கும் அதே கணக்கில். யாரோ நிதானமாக மலை ஏறிப் போவதுபோல வெகுநேரம் கேட்டது. மாமா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் மணி நின்றது.

அப்பா வெறுங்கையோடு ஏறி வந்தார். அந்த மணியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

எஸ்டேட்டில் அரிசியை இறக்கினார்கள். எனக்கு யாரோ சூடாகக் காப்பி கொடுத்தார்கள். திரும்பும்போது எல்லா வளைவிலும் அப்பா இறங்கிப் பின்னால் நின்று, வெறும் பனியைப் பார்த்து, எதையோ விரட்டுவதுபோல இரண்டு தடவை கையை வீசிவிட்டுத்தான் குரல் கொடுத்தார். காளவாசல்காரருக்கு மாமா வேறொரு மிருகம் வாங்கிக் கொடுத்தார். மாமா அந்தக் கதையை ஒருநாளும் யாரிடமும் நடித்துக் காட்டவில்லை. தை பிறந்ததும் அப்பா ஜீப்பு வேலையை விட்டு, ஏலக்காய்க் கடை ஒன்றில் மூட்டை தைக்கப் போனார்.

இதற்குப் பிறகு சொல்ல ஒன்றே ஒன்று இருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி, எண்பதுகளின் முடிவில் ஊருக்கு வந்திருந்தபோது, குரங்கணியில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் அப்பாவும் பஸ்சில் போடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்தக் காளவாசலைத் தாண்டும்போது அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு இந்த எடத்துல அது கயித்த அத்துக்கிட்டு வந்தத நான் கண்ணாடியில பாத்தேன் ஆத்தா."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"சொன்னா உங்க மாமன் வண்டிய நிப்பாட்டிருவான். கொஞ்ச தூரமாச்சும் வரட்டுமேன்னு இருந்தேன். ஓடையில அம்புட்டுத் தண்ணி போச்சா, அதத் தாண்டாது, திரும்பிரும்னு நெனச்சுட்டேன். தாண்டிருச்சுன்னு தெரிஞ்சிருந்தா அந்த வளைவுல எறங்காம இருந்திருப்பனா?"

என் பதிலை எதிர்பார்த்து அவர் பேசவில்லை. ஆனாலும் பதில் என்னிடம் இருந்தது. அவருக்குத் தெரிந்தது ஓடை வரைக்கும். எனக்குத் தெரிந்தது ஓடைக்கு அப்புறம். இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் போடிக்குள் நுழையும் வரைக்கும் விடவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்பது வருடம் இருந்தார். அந்த ஒன்பது வருடத்திலும் நான் அதைச் சொல்லவில்லை. தான் மட்டுமே பார்த்ததாக, தான் மட்டுமே பேசாமல் இருந்ததாக எண்ணிக்கொண்டே போய்விட்டார்.

என் பழைய டைரியில் அந்த பஸ் பயண நாளின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். "வெயில். அப்பாவுடன் குரங்கணி போய் வந்தேன். வேறொன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதி முடித்த பக்கத்தில் பிறகு கை வைப்பது என் வழக்கமல்ல. இன்று காலை அதன் கீழே இரண்டு வரி சேர்த்தேன்.

கடைக்குட்டி ஓடையைத் தாண்டியது. நான் பார்த்தேன்.